உணவு அட்டவணையின் பின்பக்கத்தில் ஒரு மளிகைக் கணக்கு

கோத்தகிரி பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் ஊட்டச்சத்து ஆலோசகராக வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வந்தார். சரிவில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, கண்ணைக் கட்டுகிறது என்றார். ஹீமோகுளோபின் 8.1, ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையோடு, நான் அச்சடித்து வைத்திருந்த உணவு அட்டவணையையும் கொடுத்து அனுப்பினேன். காலையில் முட்டை, 11 மணிக்கு மாதுளை, மதியம் பருப்பும் கீரையும், மாலையில் பேரீச்சம்பழம்.

அடுத்த மாதம் வந்தபோது அந்தத் தாளை நாலாக மடித்து மணிபர்ஸில் பத்திரமாக வைத்திருந்தார். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க மளிகைக் கடைக் கணக்கு. துவரம் பருப்பு 1 கிலோ என்று எழுதி, அடித்து, அரை என்று மாற்றி, அதையும் அடித்து, கடைசியில் கால் என்று முடித்திருந்தார். முட்டை என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை.

"மேடம், நீங்க எழுதுனதுல எதை முதல்ல விடலாம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதற்கு முன்பு இப்படிப்பட்டவர்களின் கேஸ் ஷீட்டில் 'உணவு பற்றிய விழிப்புணர்வு குறைவு' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். எங்கள் துறையில் இது சுலபமான வரி. இப்போது வேறு கேள்வி கேட்கிறேன்: கடையில் கடைசியாக என்ன வாங்கினீர்கள், சம்பளப் பணம் எந்தத் தேதியோடு தீர்ந்தது, அதற்குப் பிறகு என்ன சமைத்தீர்கள்? ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு பல நாடுகளில் பயன்படுத்தும் 8 கேள்விகள் உண்டு. சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா என்று தொடங்கி, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பதில் முடியும். நம் மலையில் அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆமாம் சொல்பவர்கள் குறைவு. நடுவில் ஒன்று வரும்: பணமில்லாததால் ஒன்றிரண்டு வகை உணவை மட்டுமே சாப்பிட வேண்டி வந்ததா? அங்கேதான் பலர் நின்று யோசித்துத் தலையாட்டுகிறார்கள்.

விலை ஏறினால் இங்கே அடுப்பு அணைவதில்லை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அது எவ்வளவு பெரிய காவல் என்று வேறு மாநிலத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர்களிடம் பேசினால் புரியும். ஆனால் சோற்றைச் சுற்றி இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகிறது. முதலில் முட்டையும் மீனும் போகும். அப்புறம் பால். சாம்பார் நீர்த்து ரசமாகும். கீரை கிடைத்தால் உண்டு. எல்லா வீட்டிலும் முதலில் குறைவது அம்மாவின் தட்டு. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. விலைவாசி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இல்லாமல் இந்த எண்ணை விளக்கவும் முடியாது.

பசியை அமர்த்த நம் ஊரில் இருக்கும் மருந்து கட்டஞ்சாயா, அதாவது பால் சேர்க்காத டீ. வெறும் வயிற்றில் ஒன்று, சோற்றோடு ஒன்று. சாயாவில் இருக்கும் டானின், சாப்பாட்டில் உள்ள கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கிறவரின் ரத்தத்தில் இப்படி ஒரு கணக்கு.

காய்கறிக் கதை இன்னும் விசித்திரம். இங்கே விளைந்த கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. அங்கே விலை முடிவாகிறது. மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் விளைவித்தவருக்கு விலை கிடைப்பதில்லை, கீழேயிருந்து வரும் தக்காளி வெங்காயத்தின் விலை மட்டும் ஏறிவிடுகிறது. சிறு தேயிலை விவசாயிக்கு அடி இரண்டு பக்கமும். சாமையும் ராகியும் விளைந்த நிலத்தில் இன்று தேயிலை நிற்கிறது. பச்சைத் தேயிலை விலை இறங்கும் மாதத்தில் பருப்பு விலை ஏறினால், அவரிடம் விற்கத் தேயிலைதான் இருக்கிறது, தின்ன ஒன்றும் இல்லை.

கரீபியன் நாடான ஹைட்டியில் நடந்தது இதன் பெரிய வடிவம். 1995இல் அரிசி இறக்குமதி வரியை 3 விழுக்காடாகக் குறைத்தார்கள். அமெரிக்க அரிசி வந்து குவிந்தது, உள்ளூர் நெல் விவசாயி ஒதுங்கினார். 2008இல் உலகச் சந்தையில் அரிசி விலை எகிறியபோது அந்த மக்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. வயிற்றில் ப்ளீச் ஊற்றியதுபோல எரிகிறது என்று தங்கள் பசிக்கு ஒரு ப்ளீச் பிராண்டின் பெயரில் 'குளோராக்ஸ் பசி' என்றே பெயர் வைத்தார்கள். தெருவில் இறங்கினார்கள், அந்த ஏப்ரலில் பிரதமர் பதவி இழந்தார். அதற்கு முந்தைய ஆண்டு மெக்சிகோவில் மக்காச்சோள ரொட்டியான டார்ட்டியாவின் விலை ஏறியபோதும் பல்லாயிரக்கணக்கானோர் தலைநகரில் திரண்டார்கள். 'சோளம் இல்லையேல் நாடு இல்லை' என்ற இயக்கம் அந்த ஆண்டில்தான் பிறந்தது.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது பெருவின் தலைநகர் லிமாவைத்தான். நகரத்தின் ஓரத்தில், மணல்வெளியில் குடியேறிய ஏழைப் பெண்கள் 1970களின் கடைசியிலிருந்தே சேர்ந்து சமைக்கத் தொடங்கினார்கள். தனித்தனியாக எரிபொருள் வாங்குவதைவிட ஒரே அடுப்பு சிக்கனம், மொத்தமாக வாங்கினால் விலை குறைவு. அவ்வளவு எளிய கணக்கு. பிறகு 1984இல் நகராட்சி குழந்தைகளுக்குத் தினம் ஒரு டம்ளர் பால் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அது மேயர் மாறினால் நின்றுபோகும் சலுகையாக இருக்கக்கூடாது என்று அம்மாக்கள் ஊர்வலம் போனார்கள். 1985 தொடக்கத்தில் அது நாட்டுக்கே சட்டமானது. 1990 ஆகஸ்டில் அரசு ஒரே இரவில் விலைக் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்டபோது லிமாவின் ஏழைகளைத் தாங்கியது இந்தப் பொது அடுப்புகள்தான். வில்லா எல் சால்வடோர் பகுதிப் பெண்களின் கூட்டமைப்பை நடத்திய மரியா எலேனா மொயானோ, அடுப்பைத் தங்கள் பிடியில் கொண்டுவர நினைத்த ஆயுதக் குழுவை எதிர்த்துப் பேசினார். 1992 பிப்ரவரியில் அவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 33.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. 1970களின் தொடக்கத்தில் பம்பாயில் மிருணாள் கோரேயும் அகில்யா ரங்கனேக்கரும் முன்னால் நிற்க, பெண்கள் தட்டைத் தட்டிக்கொண்டு சப்பாத்திக் கட்டையோடு விலைவாசிக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். 2001இல் ராஜஸ்தானில் வறட்சி. அரசுக் கிடங்குகளிலோ தானியம் வழிந்தது. அந்தத் தானியத்தைப் பசித்தவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த நவம்பர் 28ஆம் தேதி உத்தரவால்தான் பல மாநிலங்களின் தொடக்கப் பள்ளிகளுக்குச் சமைத்த மதிய உணவு வந்தது. (நமக்கு அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. அந்தப் பெருமையிலேயே நாம் கொஞ்சம் தூங்கிவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.) உணவு உரிமைக்காகப் போராடியவர்கள் உத்தரவோடு நிறுத்தவில்லை. ஊர் ஊராகப் போய் எந்தப் பள்ளியில் சோறு வரவில்லை என்று எண்ணினார்கள். 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

இதிலெல்லாம் நான் பார்ப்பது, 'பசியை ஒழி' என்று பொதுவாகக் கேட்டவர்கள் குறைவு. ஒரு டம்ளர் பால், ஒரு வேளைச் சோறு, இன்ன விலைக்கு ரொட்டி என்று கேட்டார்கள். அளந்து பார்க்க முடிகிற கோரிக்கையை ஏமாற்றுவது கஷ்டம்.

அந்த அக்கா குடியிருந்த எஸ்டேட் லைன் வீடுகளிலும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அப்படி ஒன்று நடந்தது. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பருப்பு 'ஸ்டாக் இல்லை' என்று சொல்லும் மாதங்களில் சிலருடைய போனுக்குப் பருப்பு வாங்கியதாகவே எஸ்எம்எஸ் வந்திருந்தது. மகளிர் குழுவில் பத்துப் பதினைந்து பேர் மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதினார்கள்: போன தேதி, கிடைத்தது, கிடைக்காதது, வந்த எஸ்எம்எஸ். அந்த நோட்டோடு வட்ட அளவில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமுக்குப் போனார்கள். முதல் தடவை மனுவை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு பருப்பு ஒழுங்காக வரத் தொடங்கியது. உங்கள் ஊரில் இப்படி இருந்தால் 1967 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். கிராம சபையில் எழுத்தில் கொடுப்பது இன்னும் நல்லது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கள் ஊர்க் கார்டையே காட்டி இங்கே தானியம் வாங்கலாம் என்பதையும் சொல்லுங்கள், பலருக்குத் தெரியவில்லை. பருப்பும் எண்ணெயும் அவர்களுக்குக் கிடைக்காது என்பது அந்த ஏற்பாட்டின் ஓட்டை.

என் அட்டவணை இப்போது ஒரே வரியில் தொடங்குகிறது: உங்கள் ரேஷன் கடையில் இந்த மாதம் என்ன வந்தது? மாதுளையை எடுத்துவிட்டேன். வேலிப் பக்கம் முளைக்கும் கீரை, ரேஷன் பருப்பு, பிள்ளைக்குச் சத்துணவில் வரும் முட்டை, முடிந்தால் அம்மாவுக்கு வாரம் இரண்டு முட்டை என்று எழுதுகிறேன்.

அந்த அக்காவுக்குக் கடைசியாகப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 10.2. சாயாவைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொன்னதை மட்டும் அவர் இன்னும் கேட்கவில்லை. "அந்தக் குளிர்ல நீங்க வந்து ஒரு நாள் நில்லுங்க மேடம், அப்புறம் பேசலாம்" என்றார்.