புராட்டஸ்டன்ட்: எதிர்த்தவரா, சாட்சி சொன்னவரா?

"நீங்க ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிறிஸ்தவரோடு பேசத் தொடங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும். ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. என்றால் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது புராட்டஸ்டன்ட் பக்கம். 'புராட்டஸ்டன்ட்' என்ற சொல் பேச்சில் அவ்வளவாக வராது. அதைப் பெரும்பாலும் வரலாற்றுப் பாடத்தில்தான் படிக்கிறோம். அங்கே "புராட்டஸ்டன்ட் என்றால் எதிர்ப்பாளர், கத்தோலிக்கச் சபையை எதிர்த்ததால் இந்தப் பெயர்" என்று ஒரே வரியில் விளக்கம் முடிந்துவிடுகிறது. பரீட்சைக்கு அது போதும். சொல்லுக்குப் போதாது.

இது லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். 'டெஸ்டிஸ்' என்றால் சாட்சி, 'டெஸ்டாரி' என்றால் சாட்சி சொல்வது. முன்னே 'ப்ரோ' சேர்ந்து 'ப்ரோடெஸ்டாரி' ஆனால், எல்லோர் முன்னிலையிலும் உறுதியாக அறிவிப்பது. ஒருவர் தன் குற்றமின்மையை அடித்துச் சொல்வதற்கும் ஆங்கிலத்தில் இதே வினையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது? கூட்டமும் கோஷமும் பிற்காலத்தில் ஏறிய பொருள்கள்.

சரி, இது ஒரு கூட்டத்தாரின் பெயரானது எப்படி? அதற்கு இடமும் நாளும் துல்லியமாக உண்டு. ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் உள்ள ஸ்பெயர் நகரம், 1529 ஏப்ரல் 19. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் கூடிய புனித ரோமப் பேரரசின் அவை, சமய விஷயத்தில் ஒவ்வொரு சிற்றரசரும் கடவுளுக்கும் பேரரசருக்கும் பதில் சொல்லக்கூடிய விதத்தில் நடந்துகொள்ளலாம் என்று விட்டிருந்தது. 1529இல் அந்த ஏற்பாட்டைப் பெரும்பான்மை வாக்கில் நீக்கினார்கள். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் வரவில்லை. அவருடைய தம்பி பெர்டினாண்டு அவையை நடத்தினார். அப்போது, ஜெர்மனியில் சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரின் பக்கம் நின்ற சாக்சனியின் யோவான், ஹெஸ்ஸேயின் பிலிப்பு உள்ளிட்ட சிற்றரசர்கள் எழுந்து தங்கள் மறுப்பைப் பதிவு செய்தார்கள். ஸ்டிராஸ்பூர்க், நியூரம்பர்க், உல்ம் உள்ளிட்ட 14 நகரங்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டன. பெர்டினாண்டு அதை ஏற்கவில்லை.

அந்த மறுப்புப் பத்திரத்துக்குத்தான் 'ப்ரோடெஸ்டாசியோ' என்று பெயர். அது சட்டமொழி. நம் மன்றங்களில் "என் ஆட்சேபணையைக் குறிப்பில் ஏற்றுங்கள்" என்று உறுப்பினர் எழுந்து சொல்வாரே, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அதன் உள்ளே இருந்த வாதம் கனமானது. கடவுளின் மகிமை, ஆன்மாவின் மீட்பு ஆகிய விஷயங்களில் ஒவ்வொருவரும் கடவுள் முன் தனியாக நின்று கணக்குச் சொல்ல வேண்டும். பெரும்பான்மை கைதூக்கிவிட்டது என்பதற்காக அதை மாற்றிக்கொள்ள முடியாது என்றார்கள். கையெழுத்திட்டவர்கள் போப்பை ஒழிக என்று கத்தவில்லை. தங்கள் மனசாட்சிக்குச் சாட்சி சொன்னார்கள். 'மனசாட்சி' என்ற நம் சொல்லுக்குள்ளேயே ஒரு சாட்சி உட்கார்ந்திருப்பதைக் கவனித்தால் இந்த வரலாறு தமிழில் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பது தெரியும்.

லூதரின் தரப்பினர் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் இது இல்லை. நற்செய்தியைச் சார்ந்தவர்கள் என்ற பொருளில் 'எவாங்கெலிஷ்' என்பதையே லூதர் விரும்பினார். இன்றும் ஜெர்மனியில் சபையின் அதிகாரப்பூர்வப் பெயரில் இருப்பது அந்தச் சொல்தான்.

இந்தப் பிளவுக்கு முன்பே ஓசையில்லாமல் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. அதைச் செய்தவர்களை, ஆங்கிலத்தில் 'ஹ்யூமனிஸ்ட்' எனப்படுவோரை, 'மனிதநேயர்கள்' என்று பாடநூல் சொல்கிறது. எனக்கு இந்த மொழிபெயர்ப்பில் பெரிய குறை உண்டு. மனிதநேயம் என்றால் நமக்கு இரக்கம், பிறர்மேல் அன்பு. வெள்ளத்தில் சிக்கியவர்களுக்குச் சோறு கொடுப்பது மனிதநேயம். இத்தாலியில் 'உமனிஸ்டா' என்று மாணவர்கள் அழைத்தது இலக்கணம், சொற்கலை, கவிதை, வரலாறு, அறநெறி ஆகியவற்றைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரை. அவர் செய்த வேலைக்கு நம்மிடம் இருக்கும் சொல் 'புலவர்'. பழைய சுவடிகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதம் பார்ப்பவர். 'ஹ்யூமனிஸ்முஸ்' என்ற கொள்கைப்பெயர் மிகவும் பிந்தியது. 1808இல் நீட்டாமர் என்ற ஜெர்மானியக் கல்வியாளர்தான் அதைப் பரவலாக்கினார். ஆகவே மறுமலர்ச்சிக் கால இயக்கத்தைச் சொல்லும்போது 'மானுடக் கல்வி இயக்கம்' என்பதே சரி. மனிதநேயத்தை அதன் அன்புப் பொருளுக்கே விட்டுவிடலாம்.

இந்தப் புலவர்கள் சொற்களைத் தோண்டியதில்தான் நிலம் அசைந்தது. 1440இல் இத்தாலியப் புலவர் லொரென்சோ வல்லா, கான்ஸ்டன்டைன் பேரரசர் மேற்கு நிலங்களைப் போப்புக்குத் தானம் கொடுத்ததாகச் சொன்ன பத்திரத்தைப் போலி என்று காட்டினார். அவர் பிடித்த பிடிகளில் ஒன்று மொழி: நான்காம் நூற்றாண்டு ரோமில் எழுதியதாகச் சொல்லும் பத்திரத்தில் 'சத்ராப்' என்ற பாரசீக ஆளுநர் பட்டம் எப்படி வந்தது? இதே வல்லா புதிய ஏற்பாட்டின் லத்தீன் மொழிபெயர்ப்பைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுக் குறிப்புகளும் எழுதி வைத்திருந்தார். 1504இல் லூவேன் அருகே ஒரு மடத்து நூலகத்தில் அந்தக் குறிப்புகள் டச்சு அறிஞர் எராஸ்மஸ் கையில் கிடைத்தன. மறு ஆண்டே அவற்றை அச்சிட்டார். 1516இல் பாசல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டையே வெளியிட்டார்.

ஒரே ஒரு சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இயேசுவின் அழைப்பு கிரேக்கத்தில் 'மெடனோயெய்டெ'. 'மெடனோயா' என்றால் மனமாற்றம். லத்தீனில் அது 'பெனிடென்சியாம் ஆகிடெ' ஆகியிருந்தது. தவம் செய்யுங்கள், பரிகாரம் செய்யுங்கள் என்று பொருள்படும். பரிகாரம் என்றால் அளவு வரும், அளவு வந்தால் தள்ளுபடியும் வரும். தள்ளுபடிக்குச் சீட்டு விற்கலாம்; பாவமன்னிப்புச் சீட்டு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். 1517இல் லூதரின் 95 கருத்துகளில் முதலாவதே இந்தச் சொல்லைப் பற்றியதுதான்: விசுவாசியின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றார். மறு ஆண்டு தன் துறவற சபையின் தலைவர் ஷ்டவுபிட்சுக்கு எழுதிய கடிதத்தில், கிரேக்கம் கற்றவர்கள் வழியாகத்தான் 'மெடனோயா'வின் பொருள் தனக்குத் தெளிந்தது என்று எழுதியிருக்கிறார். நம் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'மனந்திரும்புங்கள்' என்று இருக்கிறது, கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் 'மனம் மாறுங்கள்'. இரண்டுமே கிரேக்கத்துக்கு நேர். ஐரோப்பாவில் சண்டைக்கு வித்திட்ட சொல்லில் தமிழின் இரு தரப்பும் ஒத்துப்போயிருக்கின்றன. எராஸ்மஸ் மட்டும் கடைசிவரை பழைய சபையிலேயே இருந்துவிட்டார், மனித மனத்துக்குச் சுதந்திரம் உண்டா என்று 1524இல் லூதரோடு மோதியும்விட்டார்.

அப்புறம், தமிழில் இந்தக் கூட்டத்தாருக்கு என்ன பெயர்? 1706இல் லூதரன் மதபோதகர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியபோதே லூதர் வழி இங்கே வந்துவிட்டது. அதை மறுத்து வீரமாமுனிவர் உரைநடை நூல்களே எழுதினார். பழைய கத்தோலிக்க எழுத்தில் இவர்கள் 'பதிதர்', அதாவது நெறியிலிருந்து விழுந்தவர்கள். அது வசைச்சொல், இன்று வேண்டாம். 'எதிர்ப்பாளர்' பாதிப் பொருள்தான். 'சீர்திருத்தச் சபையார்' நல்ல சொல்தான், ஆனால் சூரிச், ஜெனீவா வழியில் வந்த கால்வினியச் சபைகளுக்கு அதுவே தனிப்பெயர் என்பதால் லூதரன்களோடு குழம்பும். என் பரிந்துரை இது: சபையின் பெயராக வரும்போது புராட்டஸ்டன்ட் என்றே எழுதுவோம், இலங்கையில் எழுதுவதுபோல் 'புரட்டஸ்தாந்து' என்றாலும் சரி. பொருள் சொல்ல வேண்டிய இடத்தில் 'சான்றுரைத்தோர்' என்போம். ஸ்பெயர் பத்திரம் 'மறுப்புச் சான்றுரை'. சாட்சிக்குப் பழந்தமிழில் 'கரி' என்றும் ஒரு சொல் உண்டு, குறளில் "சாலும் கரி" என்று வரும். ஆனால் இன்று கரி என்றால் அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும் என்பதால் அதை எடுக்கவில்லை.

'கத்தோலிக்கம்' என்ற சொல்லையும் விடக்கூடாது. கிரேக்கத்தில் 'கத்தோலிகோஸ்' என்றால் முழுமைக்கும் உரியது, பொதுவானது. ஞாயிற்றுக்கிழமை சி.எஸ்.ஐ. கோயிலில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது சபையார் எழுந்து நின்று 'பரிசுத்த பொதுவான சபையும்' உண்டென்று விசுவாசிப்பதாகச் சொல்வார்கள். நாலு தெரு தள்ளி மாதா கோயிலில் 'புனித கத்தோலிக்கத் திருச்சபையை நம்புகிறேன்' என்பார்கள். மூலத்தில் இரண்டும் ஒரே சொல்.