பெந்தோஸ்: நீரடி உயிரிகள்

நீர்நிலையின் அடியில், வண்டலுக்குள்ளும் கல்லிடுக்கிலும் மக்கும் இலைகளுக்குக் கீழும் வாழும் உயிரிகள் அனைத்துக்கும் பொதுப்பெயர் பெந்தோஸ். கடலாழத்தைக் குறிக்கும் இக்கிரேக்கச் சொல்லை 1890ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானிய உயிரியலாளர் எர்னஸ்ட் ஹெக்கல் கடலடி உயிர்களுக்குப் பெயராக்கினார். பின்னர் அது ஆறு, ஏரிகளுக்கும் வழங்கலாயிற்று.

அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருளை ஒட்டி 'ஆழ்நீர் உயிரிகள்' என்று எழுதுவது பொருந்தாது. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களின் ஓரமாக முழங்காலளவே ஓடும் ஓடைகளிலும் பெந்தோஸ் உண்டு. ஊர்ப்பெயரிலுள்ள 'சிப்புட்', அதாவது மலாய் மொழியில் நத்தை, அவற்றுள் ஒன்றே. ஆழமன்று, அடியே இச்சொல்லின் கரு என்பதால் 'நீரடி உயிரிகள்' என்பதே தக்கது. புழு, பூச்சி, நத்தை முதலியவற்றை மட்டும் சுட்ட 'நீரடி முதுகெலும்பிலிகள்' எனலாம்.

மாசு ஆய்வில் இவற்றுக்குத் தனி இடமுண்டு. ஆலைக்கழிவு கலந்த நீர் ஒரு மழையில் அடித்துச் செல்லப்பட்டபின் ஓடை தெளிந்து தோன்றினாலும், கன உலோகங்கள் நுண்துகள்களில் ஒட்டி வண்டலில் தங்கிவிடும். எளிதில் இடம்பெயர இயலாத நீரடி உயிரிகள் அவ்வண்டலிலேயே மாதக்கணக்கில் வாழ்ந்தாக வேண்டும். மலேசிய நீர்த்தரக் குறியீடோ கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா நைட்ரஜன் உள்ளிட்ட 6 அளவுகளால் ஆனது. அவை அனைத்தும் நீரைப் பற்றியவை, வண்டலைப் பற்றியவை அல்ல. தோட்டப்புற ஆறுகளுக்கு இது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

மாதிரி எடுக்கும் கருவி அடித்தளத்தைப் பொறுத்தது. மென்சேறாயின், தாடைபோல் மூடிக்கொள்ளும் எக்மன் பெட்டியைக் கயிற்றில் இறக்கி வண்டலை அள்ளுவர். கல்லோடையாயின், சர்பர் வலையை நீரோட்டத்துக்கு எதிர்முகமாக வைத்து, அதன் சட்டத்துக்குள் அடங்கும் கற்களைத் தேய்த்துக் கழுவுவர். அள்ளிய வண்டலைப் பெரும்பாலும் 0.5 மி.மீ. கண்ணுடைய சல்லடையில் அலசித் தங்குவனவற்றை எத்தனாலில் இட்டு, இனம் பிரித்து எண்ணுவர்.

மே ஈக்களின் இளவுயிரிகள் பல வகையாகக் கிடைத்தால் ஆக்சிஜன் மிகுந்த நீர் எனக் கொள்ளலாம். அவை மறைந்து, ஹீமோகுளோபினால் சிவந்த இரத்தப் புழுக்களும் (கொசு போன்ற ஒருவகைப் பூச்சியின் இளவுயிரிகள்) டியூபிபெக்ஸ் புழுக்களும் மட்டும் பெருகியிருந்தால் கரிமக்கழிவை ஐயுற வேண்டும். இரத்தப் புழுவின் வாயுறுப்புப் பற்கள் உருத்திரிந்திருப்பின் உலோகம் முதலிய நச்சுகளைத் தேட வேண்டும்.

ஆனால் மாசில்லாத மந்தமான சேற்றிலும் இரத்தப் புழு இயல்பாகவே வாழும். ஆகவே கழிவு சேருமிடத்துக்கு மேலே, அதே தன்மையுள்ள அடித்தளத்தில், அதே கருவியால் எடுத்த ஒப்பீட்டு மாதிரி இல்லாமல் எந்த முடிவுக்கும் வருதல் கூடாது.