பளு கனத்தால் வேகம் தானாகக் குறையும்

வீட்டில் வலுப்பயிற்சி செய்வோரில் பலர், ஒவ்வோர் அசைவையும் நொடிகளை எண்ணி மெதுவாகச் செய்வதே பயிற்சியின் சாரம் என்று கருதுகின்றனர். ஆனால் கனமான பளுவை முழு மூச்சாகத் தள்ளியும் அது மெதுவாகவே நகர்வது வேறு; இலேசான பளுவை வேண்டுமென்றே மெதுவாக நகர்த்துவது வேறு.

தசை இழைக்குள் மயோசின் என்னும் புரத மூலக்கூறுகளின் தலைகள், ஆக்டின் என்னும் மற்றொரு புரதத்தின் இழைகளைப் பற்றி இழுத்து விடுவதால்தான் தசை சுருங்குகிறது. சுருக்கம் விரைவாக நடக்கும்போது ஒரே கணத்தில் பற்றியிருக்கும் தலைகள் குறைவு என்பதால் விசையும் குறைகிறது. வேகம் தணியத் தணிய விசை கூடுகிறது. உடலியங்கியல் அறிஞர் ஆர்ச்சிபால்ட் ஹில் 1938இல் தவளையின் தசையில் இதை அளந்து சமன்பாடாகத் தந்தார். அப்படியானால் இலேசான பளுவையும் மெதுவாகத் தூக்கினால் போதாதா? போதாது. தேவைப்படும் விசை சிறிது என்றால், நரம்பு மண்டலம் அதற்கு வேண்டிய சில இழைகளை மட்டுமே பணியில் இறக்கும். தசைகளை இயக்கும் தண்டுவட நரம்பணுக்களில் சிறியவை முதலிலும் பெரியவை பின்னரும் தூண்டப்படுகின்றன என்பதை நரம்பியல் ஆய்வாளர் எல்வுட் ஹென்மன் காட்டினார். பருக்கும் திறன் மிகுந்த இழைகள் பெரும்பாலும் அந்தப் பெரிய நரம்பணுக்களின் ஆளுகையில்தான் இருக்கின்றன. இலேசான பளுவானாலும் தசை முற்றிலும் களைக்கும்வரை தூக்கினால் அவையும் விழித்துக்கொள்ளும், தசையும் ஏறத்தாழ அதே அளவு பருக்கும். எனினும் கனத்தைத் தூக்கும் வலிமை, கனத்தைத் தூக்கிப் பழகுவதாலேயே மிகுதியாக வருகிறது.

ஆகவே வீட்டுக்கான பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது, நொடிக் கணக்கைவிட, அசைவைக் கனமாக்க வழி உண்டா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. கால்களை உயரத்தில் வைத்தால் அது கூடும். இரு கால் பஸ்கி எளிதாகிவிட்டால், பின்காலை நாற்காலியில் வைத்து முன்காலில் பெரும்பாரத்தை ஏற்றலாம்; அதுவும் எளிதானால் புத்தகங்கள் நிறைந்த பையை முதுகில் மாட்டிக்கொள்ளலாம். ஆறு முதல் பன்னிரண்டு முறைக்குள், முயன்று தள்ளியும் கடைசி அசைவுகள் தாமாகவே மந்தமானால் பளு சரியானது.

இறக்கும்போது மட்டும் மெதுவை நாமே தேர்ந்தெடுப்பதில் பொருளுண்டு. இறக்கும்போது தசை பாரத்தைத் தாங்கியபடியே நீள்கிறது; அப்படி நீளும் தசை, சுருங்கும் தசையைவிடக் கூடுதல் பாரத்தைத் தாங்கும். எனவே கம்பியில் தொங்கி மேலேற இயலாதவர் முக்காலியின் உதவியால் ஏறி, மூன்று நான்கு நொடிகளில் இறங்கிப் பழகலாம். ஓர் அசைவைப் பத்து நொடிக்கு மேல் இழுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பளுவை மிகவும் குறைத்தால்தான் அது இயலும். மூச்சை அடக்கித் தூக்குவது இரத்த அழுத்தத்தைச் சட்டென உயர்த்துமாதலால், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மெதுவும் கனமும் ஒருசேரத் தேவைப்படும் இடம், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண். முழங்காற்சில்லுத் தசைநாண் வலிக்கான ஒரு சிகிச்சைமுறையில் ஏற்ற மூன்று நொடி, இறக்க மூன்று நொடி என்று வகுத்திருக்கிறார்கள். அங்கும் வாரங்கள் செல்லச் செல்ல வேகம் அப்படியே இருக்க, பளுதான் படிப்படியாகக் கூட்டப்படுகிறது.