ஸ்கேன்: வருடலா, அலகீடா?

போன மாதம் அப்பத்தா முற்றத்தில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடி. காரைக்குடியில் சி.டி. ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனோம். "தலைய அறுத்தா பாக்கப் போறாக?" என்று கேட்டார். படம் எடுக்கும் தம்பி சிரித்துக்கொண்டே, "அறுக்கலை ஆச்சி, அறுத்துப் பார்த்த மாதிரி படம் மட்டும் வரும்" என்றார்.

அப்பத்தா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். சி.டி.யில் உள்ள 'டி' டோமோகிராஃபி; கிரேக்கத்தில் 'டோமோஸ்' என்றால் வெட்டிய துண்டு. குறுக்குவெட்டுப் படம் என்றால் நமக்குப் புரிந்துவிடும்.

ஸ்கேன் என்ற சொல்லின் கதைதான் சுவையானது. லத்தீனில் 'ஸ்காண்டெரே' என்றால் ஏறுதல். செய்யுளைத் தாளக்கட்டோடு படிப்படியாகப் பிரித்துப் படிப்பதற்கு அதுவே பெயராயிற்று. ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் அந்தப் பொருள்தான். கூர்ந்து பார்த்தல் என்ற பொருள் பின்னால் வந்தது. தொலைக்காட்சி வந்த பிறகு, படத்தை வரிவரியாகப் பிரித்தெடுப்பதும் ஸ்கேன் ஆனது.

செய்யுளைப் பிரிப்பதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறதே: அலகிடுதல். 'காரைக்குடி'யையே அலகிடலாம். கா, ரைக், குடி. நேர் நேர் நிரை, தேமாங்கனி!

இப்போது ஸ்கேனுக்கு 'வருடல்' என்றே பெரும்பாலும் எழுதுகிறோம். காகிதத்தின் மேல் ஒளி நகர்ந்து போகும் கருவிக்கு 'வருடி' அழகான பெயர். மயிலிறகால் வருடுவது போலத்தான். ஆனால் சி.டி. எதையும் வருடுவதில்லை. எக்ஸ்-கதிர்க்குழாய் தலையைச் சுற்றிவர, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உள்ளே தங்கிப்போனது என்று அளக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து கணினி படத்தைக் கட்டுகிறது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் மூளையை இப்படிப் படமெடுத்தபோது, ஒரு துண்டுக்கு 80-க்கு 80 கட்டங்கள்தாம். கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979-இல் நோபல் பரிசு, ஆலன் கோர்மக்கோடு சேர்த்து.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, மூளைத் திசுவுக்கு முப்பது நாற்பது. புதிதாகக் கசிந்த ரத்தம் அதைவிடக் கூடுதலாக இருப்பதால் வெளுப்பாகத் தெரியும். இந்த எண்ணுக்கு என்ன பெயர் தெரியுமா? ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு! கட்டந்தோறும் அலகு இடுகிற வேலைக்கு 'அலகீடு' என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

செயற்கை நுண்ணறிவு படிப்பதும் இந்த எண் வரிசையைத்தான். ரத்தக்கசிவு போல ஏதாவது பட்டால், அந்தப் படத்தை மருத்துவரின் வரிசையில் முன்னே தள்ளிவிடும் மென்பொருள்கள் இப்போது புழக்கத்தில் உள்ளன. இதே படங்களிலிருந்து ரத்தக்குழாயைக் கணினியில் கட்டி, ரத்தம் ஓடுவதை ஓட்டிப் பார்ப்பது சிமுலேஷன். லத்தீனில் 'சிமிலிஸ்' என்றால் 'போன்ற'. அதற்குப் 'பாவிப்பு' போதும். நீட்டி முழக்க வேண்டாம்.

அப்பத்தாவுக்குக் கசிவு ஒன்றும் இல்லை. தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "தலைய ஸ்கேன் பண்ணிப்புட்டாக" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் அலகீடு என்று திருத்த எனக்குத் தைரியம் இல்லை.