உளவாளி பாயும் கண்ணாடியும் அடுப்படிச் சீனிப்பாகும்

மருமகள் பள்ளிக்கூட விடுமுறைக்கு எங்கள் வீட்டில் வந்து நின்றாள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உளவாளிப் படம் ஒன்று போட்டோம். கோட்டு சூட்டோடு ஓடிவந்தவன் மாடி யன்னலை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். விழுந்த இடத்தில் எழும்பி, தோளில் கிடந்த கண்ணாடித் துண்டைத் தட்டிவிட்டு, கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தான்.

"மாமா, உண்மையாக் கண்ணாடிக்குள்ளால பாய்ஞ்சா உப்பிடி எழும்பி நடக்கேலுமோ?"

"ஏலாது பிள்ளை. அது அனேகமாச் சீனி."

"சும்மா பகிடி விடாதேங்கோ."

றீகல் தியேட்டரில் இங்கிலிஷ் படம் பார்த்து வளர்ந்த என் அப்பா, வெள்ளைக்காரன் உண்மையாகவே பாய்கிறான் என்று கடைசிவரை நம்பியவர். அவருக்கு விளக்கிச் சொல்லும் வயதில் எனக்கு விஷயம் தெரியாது. மருமகளுக்காவது காட்டிவிடலாம் என்று இறங்கினேன். மூன்று நாள் போனது. ஒன்றரைக் கிலோ சீனி போனது. நல்ல தாச்சி ஒன்றும் போனது என்று மனைவி கணக்கில் சேர்ப்பாள்.

முதலில் யன்னல் கண்ணாடி ஏன் வெட்டுகிறது என்று பார்ப்போம். மணலில் இருக்கும் சிலிக்கனும் ஒட்சிசனும் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்து, நாற்புறமும் வலைபோலப் பரவிக் கிடப்பதுதான் கண்ணாடி. அந்தப் பிணைப்பை அறுக்க நிறையச் சக்தி வேண்டும். அறுந்தால் உடைந்த விளிம்பு சவர அலகைவிடக் கூராக வரும், தோலைவிடப் பலமடங்கு கடினமாகவும் இருக்கும். சீனிக் கண்ணாடியில் அப்படி வலை கிடையாது. தனித்தனி மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பு என்ற மெல்லிய பிடியால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. தோள் பட்டாலே பிடி விட்டுப்போகும். கீறல் விழாது என்று சொல்லமாட்டேன், நரம்பை அறுக்காது.

ஆனால் கண்ணாடி என்ற சொல்லை அறிவியலில் ஒரு பொருளுக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. திரவத்தில் மூலக்கூறுகள் எப்படித் தாறுமாறாக நிற்குமோ, அதே ஒழுங்கீனத்தோடு இறுகிப்போன எந்தத் திண்மமும் கண்ணாடிதான். நல்லூர்த் தேர் வீதியில் நெரிசலில் நிற்கும் சனத்தை அப்படியே உறைய வைத்தால் அது கண்ணாடி. காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாக நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் பளிங்கு, அதாவது மூலக்கூறுகள் ஒழுங்காக வரிசைகட்டி நிற்கும் திண்மம். நல்லூர்த் திருவிழாவில் விற்கிற தும்பு முட்டாஸ் முழுக்க முழுக்கக் கண்ணாடி நார்தான். உருகிய சீனி துளை வழியாகச் சுழன்று பறக்கும்போது, வரிசையில் நிற்க நேரம் கிடைக்காமல் காற்றிலேயே இறுகிவிடுகிறது. பனங்கற்கண்டு அதற்கு நேர் எதிர். பாணியை வாரக்கணக்கில் ஆடாமல் அசையாமல் வைத்திருந்து, மூலக்கூறுகளுக்கு வரிசைகட்ட வேண்டிய அவகாசம் முழுவதையும் கொடுத்து எடுப்பது அது.

முதல் நாள் இதை நான் மறந்துபோனேன். அரைக்கிலோ சீனியைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்தேன். பலகாரப் பதமெல்லாம் தாண்டி, ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் 'டக்' என்று முறியும் பதம் வரவேண்டும். அது 150 பாகை செல்சியஸ் அளவில் வரும். அப்போது பாகில் தண்ணீர் நூற்றில் ஒன்றுதான் மிச்சம். அந்தச் சூட்டில் கையில் பட்டால் கொதிநீர்போல வழிந்தோடாது, ஒட்டிக்கொண்டு சுடும். அதனால் மருமகளை வாசற்படியோடு நிறுத்திவிட்டேன். பதம் சரியாகத்தான் வந்தது. ஆனால் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தேன். தாச்சி விளிம்பில் காய்ந்திருந்த இரண்டு மூன்று சீனிமணி பாகுக்குள் விழுந்தன. தட்டத்தில் ஊற்றி ஆறியதும் பார்த்தால் பால்போல வெள்ளைப் பலகை.

"இது சிப்பிப் பலகாரத்துக்குப் போட்ட சீனி மாதிரிக் கிடக்கு," என்றாள் மருமகள். அவள் சொன்னது சரி. சிப்பியைப் பாகில் போட்டுப் பிரட்டப் பிரட்ட வெள்ளை பூப்பதும் இதே காரணத்தால்தான். ஒரு மணி விழுந்தால் அதைப் பார்த்து மற்ற மூலக்கூறுகளும் வரிசைக்கு வந்துவிடும். கோடிக்கணக்கான குட்டிப் பளிங்குகளின் முகங்களில் ஒளி பட்டுச் சிதறும்போது வெள்ளையாகத் தெரிகிறது. உளவாளி பாய்வதற்கு உதவாது.

இரண்டாம் நாள் தேசிக்காய் பிழிந்தேன். புளி சீனி மூலக்கூறை இரண்டாக உடைக்கும்: ஒரு பாதி குளுக்கோசு, மறு பாதி புறுக்ரோசு. வரிசையில் வேறு உயரக்காரர் புகுந்தால் வரிசை குழம்பும் அல்லவா? பளிங்கு பிடிக்காது. அன்று வந்த தகடு உண்மையில் அழகு. இலேசான தேன் நிறம், அதற்குள்ளால் முற்றத்து மாமரம் தெரிந்தது. விடியப் பார்த்தால் தட்டத்தில் பசை.

இங்கேதான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. அதற்குக் கீழே முறியும், மேலே இளகி ஒட்டும். ஈரமே இல்லாத சீனிக்கு அந்த எல்லை 60 பாகைக்குச் சற்று மேலே. குளுக்கோசுக்கு 30 அளவில். புறுக்ரோசுக்கு ஏறத்தாழ 5 பாகைதான். ஈரம் சேரச் சேர எல்லை இன்னும் இறங்கும். சீனியோ காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். யாழ்ப்பாணத்துக் கடற்காற்றிலும் 33 பாகை வெயிலிலும் தேசிப்புளி விட்ட தகடு தாக்குப்பிடிக்க வழியே இல்லை. இங்கிலாந்துக் குளிரில் ஒருவேளை பிழைத்திருக்கும்.

பழைய படங்களில் சீனிக் கண்ணாடி பாவித்தவர்களுக்கும் இதே தலையிடிதான். படப்பிடிப்புத் தளத்து விளக்குச் சூட்டில் தகடு வளையும். காலையில் செய்தது மாலைக்குள் பயன்படாமல் போகும். அதனால் இப்போது பெரும்பாலும் செயற்கைப் பிசினையே வார்க்கிறார்கள். பிளாஸ்டிக் முறியாமல் வளைவதற்குக் காரணம் அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதுதான். இடியப்பத்தின் ஒரு ஓரத்தைத் தூக்கினால் முழுவதும் கூடவே வருவதைப் போல. அதையே நகநுனி அளவுக்கு நறுக்கிவிட்டால் எதைப் பிடித்து எதைத் தூக்குவது? சங்கிலி மிகக் குட்டையாக இருக்கும் ஸ்ரைரீன் வகைப் பிசின் அப்படித்தான், தொட்டால் நொறுங்கும். மழைக்கும் இளகாது, எறும்பும் வராது. உளவாளியின் தலையில் உடையும் வைன் போத்தல் இந்தச் சாதிதான்.

ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான பெரிய யன்னல் என்றால் பிசினும் போதாது. தன் பாரத்திலேயே அது வெடித்துவிடும். அங்கே உண்மைக் கண்ணாடிதான், ஆனால் பதப்படுத்தியது. 600 பாகைக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் குளிர்காற்றை அடித்தால் வெளித்தோல் முதலில் இறுகும், உள்ளே பிறகு சுருங்கும். அந்தச் சுருக்கம் தோலை நிரந்தரமாக நெருக்கிப் பிடித்து வைத்திருக்கும். ஒரு மூலையில் தோல் கிழிந்தால் போதும், அடைபட்டிருந்த சக்தி முழுவதும் வெளியே வந்து தகடு கற்கண்டுத் துண்டுகளாகக் கொட்டும். வான்களின் பக்கக் கண்ணாடி உடைந்து றோட்டில் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் துண்டு தெரியும். படத்தில் அதன் மூலையில் கடுகளவு வெடியைப் பொருத்தியிருப்பார்கள். வெடிப்பு கண்ணாடிக்குள் செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் ஓடும். மூன்று மீற்றர் தகட்டை அது கடக்க ஒரு செக்கனில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும். செக்கனுக்கு ஆறு மீற்றர் வேகத்தில் ஓடிவரும் சண்டைக் கலைஞர் அதற்குள் நகர்வது 12 மில்லிமீற்றர், ஒரு விரல் அகலம் கூட இல்லை. அவர் உடம்பு படுவதற்குச் சற்றுமுன் கண்ணாடி உடைந்து முடிந்துவிட்டது. நாங்கள்தான் அவர் உடைத்தார் என்று நினைக்கிறோம்.

என் இரண்டாம் நாள் பசையைத் தட்டத்திலிருந்து சுரண்டும்போதுதான் வேறொன்று ஞாபகம் வந்தது. 2020 ஏப்ரலில் வரவேண்டியதாக இருந்து, கொரோனாவால் 2021 செப்ரெம்பர் வரை தள்ளிப்போன 'நோ டைம் டு டை' என்ற ஜேம்ஸ் பொண்ட் படத்தில் இதே பசையைக் காசு கொடுத்து வாங்கினார்கள். 25 கோடி டொலருக்குக் குறையாமல் செலவானதாகச் சொல்லப்படும் படம். தென் இத்தாலியின் மத்தேரா பழைய கல்நகரம். நூற்றாண்டுகளாகக் கால்பட்டு வழுவழுத்த தெருக்கள். மோட்டார் சைக்கிள் அங்கே ஓடிவந்து மேலே பாயவேண்டும், ரயரோ வழுக்குகிறது. படக்குழு தெருவில் கொக்கா கோலாவைத் தெளித்தது. ஏறத்தாழ 32,000 லீற்றர் என்று அப்போது செய்தி வந்தது. லீற்றருக்கு 106 கிராம் சீனி என்று பார்த்தால் மூன்றே கால் தொன்னுக்கும் மேல். எங்கள் கடைகளுக்கு இறங்கும் 50 கிலோ மூட்டைக் கணக்கில் அறுபதுக்கு மேல்.

கோலாவில் இருப்பது பொஸ்போரிக் அமிலம். அது செய்வதும் என் தேசிக்காய் செய்த வேலையைத்தான். சீனி இரண்டாக உடைகிறது, தண்ணீர் ஆவியாகிறது, மிஞ்சும் படலத்தின் வெப்ப எல்லை அன்றைய வெயிலுக்குக் கீழேயே கிடக்கிறது. ஆகவே அது முறியாது, ஒட்டும். ரயர் பிடித்துக்கொள்ளும். அதே சீனிதான், கொஞ்ச ஈரமும் வெப்ப எல்லையின் வித்தியாசமும் சேர்ந்து ஒன்றை உடையும் யன்னலாகவும் மற்றதைப் பிடிக்கும் றோட்டாகவும் ஆக்குகின்றன. சண்டைக்காட்சிக் குழுவில் ஒரு இரசாயன வாத்தியாருக்கும் இடம் உண்டு என்று நான் நினைப்பதில் சுயநலம் இருக்கலாம்.

இன்னொரு கணக்கு, சீனிக்குச் சம்பந்தமில்லாதது. 2015இல் வந்த 'ஸ்பெக்டர்' என்ற இன்னொரு ஜேம்ஸ் பொண்ட் படத்துக்காக மொறொக்கோவில் 8,418 லீற்றர் மண்ணெண்ணெயையும் 33 கிலோ வெடிமருந்தையும் ஒரே காட்சியில் கொளுத்திக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். வெடிமருந்து எண்ணெயைத் தூக்கி எறிய மட்டும்தான். செம்மஞ்சளாக எழும்பும் பெரும் சுவாலை, எரியாத கரித்துகள் சூட்டில் ஒளிர்வது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாய் விட்டுப் படித்தவன் நான். படத்தில் அந்தக் காட்சி வந்தபோது கதையை விட்டுவிட்டு, எத்தனை சோதனைக்குப் படித்திருக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் கேக் சாமான் விற்கும் கடையில் குளுக்கோஸ் சிரப் வாங்கிவந்தேன். பெயர் குளுக்கோஸ் என்றாலும் அதில் நீளமான மாச்சத்துத் துண்டுகளும் கலந்திருக்கும். அவை பளிங்கைத் தடுக்கும், வெப்ப எல்லையை அவ்வளவு இறக்கவும் மாட்டா. அரைக்கிலோ சீனிக்கு 150 கிராம் சிரப். கொதி வந்தபின் கரண்டியைத் தொடவில்லை. தாச்சி விளிம்பை ஈரத்துணியால் துடைத்தேன். எண்ணெய் பூசிய தட்டத்தில் ஊற்றி, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, ஈரம் இழுக்க அரிசி முடிந்த சீலையையும் உள்ளே வைத்தேன். அடுத்த நாள் காலை பத்து மணிக்கும் தகடு கல்லுப்போல நின்றது.

முற்றத்தில் இரண்டு கதிரைகளுக்கு நடுவே தகட்டை நிறுத்தினோம். மருமகள் போனை மெதுவாக ஓடும் படப்பிடிப்புக்கு மாற்றிப் பிடித்தாள். கண்ணுக்குத் தண்ணிமோட்டார்க்காரரிடம் வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குத் தடித்த சேட்டு. முழங்கையால் ஒரே குத்து.

படம் அசல். துண்டுகள் வெயிலில் மின்னிப் பறந்தன, கையில் ஒரு கீறல் இல்லை. ஆனால் சத்தம்? பப்படம் நொறுங்கின சத்தம்.

"மாமா, உது கண்ணாடி உடையிற சத்தமே இல்லை."

இல்லைத்தான். உண்மைக் கண்ணாடித் துண்டு இறுக்கமானது, தட்டினால் நீண்ட நேரம் அதிரும். சீனியின் மெல்லிய பிடி அதிர்வை உடனே விழுங்கிவிடும். அதனால் படத்தில் கேட்கும் 'சலீர்' அனேகமாக அந்த இடத்தில் பிடித்ததல்ல. எல்லாப் படப்பிடிப்பும் முடிந்து, வெளியீட்டுக்கு முந்திய மாதங்களில், மூடிய அறைக்குள் திரையைப் பார்த்துக்கொண்டே ஒருவர் வேறு பொருட்களை உருட்டியும் உடைத்தும் உண்டாக்குவது அது.

அன்று பின்னேரம் மனைவியின் சாவிக்கொத்தைக் காணவில்லை என்று வீடு முழுக்கத் தேடினோம். மருமகள் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்ப ஒரு கண்ணாடிக் கோப்பைக்குள் போட்டுப் பதிவுசெய்துகொண்டிருந்தாள்.