பின்னால் இன்னும் இரண்டு டயர் சேர்த்தால் டிரக் கூடுதலாகச் சுமக்குமா?

பின் ஆக்சிலில் பக்கத்துக்கு இரண்டு டயர் பூட்டிய பிக்கப் டிரக்கை அமெரிக்காவில் ‘டூவலி’ என்பார்கள். நம் லாரிகளில் காலங்காலமாக இருக்கும் ஏற்பாடுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1973-ல் இதைத் தன் ஒரு டன் பிக்கப்புகளுக்குக் கொண்டுவந்தது. இன்று ஃபோர்டு எஃப்-350 ஒற்றை டயரிலும் கிடைக்கிறது, ஜோடி டயரிலும் கிடைக்கிறது. ஒற்றையை வாங்கியவர் பிறகு பெரிய டிரெய்லர் ஒன்றை வாங்கிவிடுகிறார். அப்போதுதான் அந்த யோசனை வரும்: இன்னும் இரண்டு டயரை மாட்டிவிட்டால் என்ன?

டயர் கணக்கை மட்டும் பார்த்தால் ஆசை நியாயமானது. ‘ஈ’ என்ற சுமை ரகத்தைச் சேர்ந்த எல்டி (லைட் டிரக்) 275/70 ஆர்18 டயரில் 125/122 என்று அச்சிட்டிருக்கும். தனியாக ஓடினால் 1650 கிலோ, ஜோடியாக ஓடினால் 1500 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். டூவலிகளில் வரும் ஒல்லியான எல்டி 235/80 ஆர்17 டயருக்கு 120/117. அதாவது 1400, 1285 கிலோ. ஆக, முதல் டயர் இரண்டு 3300 கிலோ தாங்கும். இரண்டாவது டயர் நான்கு சேர்ந்தால் 5140.

ஜோடி சேர்ந்தால் டயரின் பலம் ஏன் குறைகிறது? இரண்டும் ஒரே ஹப்பில், அதாவது சக்கரத்தைப் பூட்டும் நடுப்பகுதியில், இறுகியிருப்பதால் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். ஒன்றில் காற்று குறைந்தாலோ, தேய்மானத்தால் விட்டம் சிறுத்தாலோ, பெரிய டயர் சுமையை வாங்கிக்கொள்ளும். சின்னது சாலையில் உரசிக்கொண்டே போகும். நடுவில் மேடான சாலையிலும் பங்கு சமமாக விழாது. உள் டயருக்கு வெளிக்காற்று சரியாகப் படாது, பக்கத்தில் பிரேக் சூடு வேறு. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்தத் தள்ளுபடி.

சரி, மாட்டுவது எப்படி? டூவலி ரிம்மின் டிஸ்க், அதாவது ஹப்போடு போல்ட் போட்டு இறுக்கும் தட்டு, ரிம்மின் நடுவில் இருக்காது. ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். ஒரே மாதிரி இரண்டு ரிம்களில் ஒன்றைத் திருப்பிப் போட்டால் டிஸ்க்குகள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளும். டயர்களுக்கு நடுவே இடைவெளியும் கிடைக்கும். சுமை ஏறியதும் டயர் பக்கவாட்டில் பிதுங்கும், அப்போதும் ஒன்றையொன்று தொடக்கூடாது. முன் சக்கரத்துக்கும் அதே ரிம்தான். அதற்காகவே டூவலியின் முன் ஹப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே ஸ்டெப்னி ஆறு இடத்துக்கும் பொருந்திவிடும். அழகான யோசனை.

ஒற்றை டயர் வண்டியில் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒற்றை டயர் எஃப்-350-ல் எட்டு போல்ட்டுகளும் 170 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும், 2005 முதல் வரும் ஃபோர்டு டூவலியில் 200 மி.மீ. நேரடியாக மாட்டவே முடியாது. மாட்ட முடிந்தாலும் உள் டயர் லீஃப் ஸ்பிரிங்கில் போய் இடிக்கும். அதனால் ஹப்பின் மேல் தடிமனான உலோக அடாப்டர் ஒன்றை முடுக்கி, ஜோடியை வெளியே தள்ளுகிறார்கள்.

இந்த ரக ஆக்சில்களில் எடையைத் தாங்குவது உள்ளே சுழலும் தண்டு அல்ல. அந்தத் தண்டை மூடியிருக்கும் கூடான ஹவுசிங்கின் முனையில் ஹப்பைப் பிடித்திருக்கும் இரண்டு பேரிங்குகள். ஒற்றைச் சக்கரத்தின் நடுக்கோடு அந்தப் பேரிங்குகளை ஒட்டி விழும். ஜோடியின் நடுக்கோடோ டிஸ்க்குகள் ஒட்டும் இடத்தில், அதாவது அடாப்டரின் வெளிமுகத்தில். குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்: எடை அதேதான், நெம்பும் விசை கூடிவிடுகிறது. வெளிப் பேரிங் அதிகம் வாங்கும். வெளி டயர் மட்டும் கல்லில் ஏறினால் இன்னும் மோசம். தொழிற்சாலை டூவலிக்கு ஹப்பும் ஆக்சிலும் இந்தச் சுமைக்கென்றே வடிவமைத்தவை.

டயர் 5140 கிலோ தாங்கட்டும். ஆக்சில், ஸ்பிரிங், பேரிங், பிரேக் எல்லாம் பழையவைதானே? இவற்றில் எது பலவீனமானதோ அதுவே எல்லை. கதவோர ஸ்டிக்கரில் கம்பெனி அச்சிட்ட அதிகபட்ச எடை, அடாப்டர் போட்டதால் ஒரு கிலோகூட ஏறுவதில்லை.

பிறகு எதற்கு இந்த வேலை? என்னைக் கேட்டால், ஆட்டம் குறைவதற்காக. தரையைத் தொடும் அகலம் கூடுகிறது. நான்கு டயர்களின் பக்கச்சுவர்களும் சேர்ந்து வளைவை எதிர்க்கின்றன. தங்கும் அறை போன்ற உயரமான கேம்பரை முதுகில் ஏற்றி, பக்கக் காற்றில் ஓட்டும்போது இது நன்றாகத் தெரியும். ஒன்று வெடித்தாலும் பக்கத்து டயர் வண்டியைத் தாங்கி நிறுத்தும். ஆனால் காலி வண்டியில் அதே எடை நான்கு டயருக்குப் பிரிவதால் அழுத்தம் குறைந்து, பனியிலும் சேற்றிலும் பிடி நழுவும்.

அப்புறம் மற்ற செலவுகள். டயர் வெளியே துருத்துவதால் அகலமான மட்கார்டு வேண்டும், அல்லது டூவலியின் சரக்குத் தொட்டியையே வாங்க வேண்டும். அகலம் 80 அங்குலத்தைத் தாண்டும் டிரக்குக்குக் கூரை முகப்பில் மஞ்சள் விளக்குகளும் பின்னால் சிவப்பு விளக்குகளும் அமெரிக்க விதிப்படி கட்டாயம். நான்கு சக்கர இயக்க வண்டி என்றால் முன் டயரின் விட்டமும் பின்னதோடு ஒத்துப்போக வேண்டும். இத்தனையும் செய்வதென்றால், நொறுங்கிப்போன டூவலி ஒன்றிலிருந்து பின் ஆக்சிலை முழுதாகக் கழற்றி மாட்டுவதே மேல். பேரிங் பிரச்சினையாவது தீரும். எந்த வழியில் போனாலும் முதல் 100 மைல் ஓடியதும் நட்டுகளை டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) மறுபடி முடுக்க வேண்டும். அடாப்டர் போட்டவருக்கு இதில் கூடுதல் தொல்லை: அதை ஹப்போடு பிடித்திருக்கும் நட்டுகள் சக்கரங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அவற்றைப் பார்க்க ஜோடி டயர்களையும் கழற்றியாக வேண்டும்.