போட்டோவும் வீடியோவும் ஒரே கமராவில எடுக்கப்போறீங்களோ? காசு குடுக்க முதல் இதைப் பாருங்கோ

"அண்ணை, ரெண்டுக்கும் பாவிக்கிற மாதிரி ஒரு கமரா சொல்லுங்கோ" எண்டுதான் இப்ப வாற பொடியள் கூடுதலாக் கேக்கினம். நியாயமான கேள்விதான், கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கம் சின்னக் கலியாணவீடு, சாமத்தியவீடு எண்டா ஒராள்தான் போய் ரெண்டையும் எடுக்கவேண்டிக் கிடக்கு. ஆனா அந்தக் கமராவுக்குக் குடுக்கிற காசு லீசிங் காசு, இல்லாட்டி அம்மான்ர சங்கிலி அடகுக்குப் போன காசு, இல்லாட்டி வெளிநாட்டில மாமா ஓவர்டைம் செய்து அனுப்பின காசு. ஏசி அறைக்குள்ள இருந்து ஒருத்தர் யூடியூப்பில சொன்னதை மட்டும் நம்பி அதைக் குடுத்திடாதேங்கோ.

2008ல நிக்கோன் டி90 வரேக்கதான் டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் கழட்டி மாத்துற, உள்ளுக்குக் கண்ணாடி வச்ச கமரா) ஒண்டில முதல்முதல் வீடியோ வந்தது, அதே வருசம் கெனன் 5டி மார்க் 2 வந்தது. இண்டைக்கு வாற கமரா எதை எடுத்தாலும் போட்டோவும் நல்லா வரும், வீடியோவும் நல்லா வரும். நான் பாக்கச் சொல்லுறது வேற விசயம், ஒண்டில இருந்து மற்றதுக்கு மாறேக்க கமரா என்ன செய்யுது எண்டதை.

தாலி கட்டையே எடுங்கோ. செக்கனுக்கு 25 பிரேமில (25 தனிப்படம்) வீடியோ எடுக்கிறீங்கள் எண்டா ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை உள்ள விடுற நேரம், செக்கனில 1/50ல நிக்கவேணும், அப்பதான் அசைவு கண்ணுக்கு இயல்பா இருக்கும். அதே இடத்தில போட்டோவுக்கு 1/200 ஆவது வேணும், இல்லாட்டி முடிச்சுப் போடுற கை கலங்கிப் போகும். கெட்டிமேளம் தொடங்கினாப் பிறகு மெனுவுக்குள்ள போய்த் தேட ஏலாது, ஐயர் உங்களுக்காக நிக்கமாட்டார். அதால போட்டோவுக்கு ஒரு செற்றிங், வீடியோவுக்கு ஒரு செற்றிங் எண்டு கமரா தனித்தனியா ஞாபகம் வச்சிருக்குதோ, ஒரு சுவிச்சைத் தள்ள மாறுதோ எண்டு கடையிலயே செய்து பாருங்கோ. சோனி ஏ7 4, கெனன் ஆர்6 மார்க் 2 ரெண்டிலயும் அதுக்கெண்டே தனிச் சுவிச் இருக்கு.

"4கே வீடியோவில இருந்து போட்டோ வெட்டி எடுக்கலாம்தானே" எண்டு சிலபேர் கேப்பினம். 4கே பிரேம் ஒண்டில இருக்கிறது 8 மெகாபிக்சல் சொச்சம்தான். 12க்கு 18 இஞ்சி அல்பப் பக்கத்தை 300 டிபிஐயில (இஞ்சிக்கு 300 புள்ளி) அடிக்க 19 மெகாபிக்சலுக்கு மேல வேணும். அதோட அது 1/50ல எடுத்த பிரேம், அசைஞ்ச கை கலங்கித்தான் இருக்கும். பேஸ்புக்கில போடலாம், அல்பத்துக்குச் சரிவராது.

அடுத்தது லைற். எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், கனடாவில இருந்து வாற கமரா அங்கத்த 60 ஹேர்ட்ஸுக்கு என்ரிஎஸ்சியில (NTSC, 60 ஹேர்ட்ஸ் நாடுகளின்ர வீடியோ முறை) செற் பண்ணி வரும். அதை அப்பிடியே 30 பிரேம், 1/60 எண்டு வச்சு மண்டபத்து ரியூப்லைற்றுக்குக் கீழ எடுத்தா வீடியோவில கோடு கோடா ஓடும். மெனுவில எங்கட 50 ஹேர்ட்ஸுக்கான பால் (PAL) எண்டு மாத்தி 25 பிரேம், 1/50 வையுங்கோ. மாத்த ஏலாத கமரா எண்டா ஷட்டரையாவது 1/50 இல்லாட்டி 1/100 ஆக்கவேணும். சத்தமில்லாத ஷட்டரைப் போட்டு எல்ஈடிக்குக் கீழ மணவறையை எடுத்தாலும் இதே கோடு போட்டோவில விழும், கன கமராவில. கடை லைற்றுக்குக் கீழயே அமத்திப் பெருசாக்கிப் பாருங்கோ.

வெக்கையைப் பற்றி ஆரும் ஒழுங்காச் சொல்லுறேல்லை. கூடுதலான கமராவுக்குக் கொம்பனிக்காரரே போடுற அளவு 40 பாகை செல்சியஸ்தான். சித்திரை வைகாசியில தகரப் பந்தலுக்குக் கீழ, ஃபிளாஷ், மைக் எல்லாம் கொழுவி 4கே எடுக்கிற நேரம் கமராப் பொடி (லென்ஸ் இல்லாத வெறும் கமரா) கொதிக்கும், பிறகு தானா நிண்டிடும். பனசோனிக் எஸ்5 மார்க் 2 உள்ளுக்கு விசிறியோடயே வருது, அதுக்காகவே நான் அதைப் பலருக்குச் சொல்லுறனான். எதை வாங்கினாலும் தெரிஞ்ச ஆளிட்ட ஒருநாள் வாடகைக்கு எடுத்து, மத்தியான வெயிலில அரை மணித்தியாலம் நிப்பாட்டாமல் ஓடவிட்டுப் பாருங்கோ. பழைய மொடல் கனக்க 29 நிமிசம் 59 செக்கனோட தானா நிக்கும், ஹோமம் நடக்கிற நேரம் அது நிண்டதைக் கவனிக்காட்டி போனது போனதுதான்.

கார்ட் ரெண்டு போடுற இடம் இல்லாத கமராவைக் கலியாணவீட்டுக்குக் கொண்டுபோகாதேங்கோ. ஒரு கார்ட் பழுதாகினா அந்தப் பிள்ளையின்ர கலியாணத்தைத் திரும்ப நடத்த ஏலாது. செக்கனுக்கு 100 மெகாபிட் 4கே எண்டா மணித்தியாலத்துக்கு 45 ஜிபி போகும், வி30 எண்டு வேகக் குறி அடிச்ச கார்ட் அதுக்குக் காணும். மைக் கொழுவிற ஓட்டையோட ஹெட்போன் ஓட்டையும் இருக்கோ எண்டு பாருங்கோ, தவில் அடிக்கேக்க சவுண்ட் உடையுதோ எண்டு காதால கேட்டாத்தான் தெரியும். சோனி இசட்வி-ஈ10 விலை குறைவு எண்டு கன பொடியள் வாங்கினம், அதில கண்ணை வச்சுப் பாக்கிற வியூபைண்டர் இல்லை, கமராப் பொடிக்குள்ள கை ஆட்டத்தைச் சரிக்கட்டுற வசதியும் இல்லை. இரணைமடுக் குளக்கட்டில பட்டப்பகல் வெயிலுக்குள்ள சோடியை நிப்பாட்டி எடுக்கேக்க பின் ஸ்கிரீன் ஒண்டும் தெரியாது.

செக்கன்ட்ஹான்ட் எண்டா, ஜப்பான் உள்ளூருக்கு வித்த சோனி கமராப் பொடியளில கனக்க ஜப்பான் மொழி மெனுதான், மாத்த ஏலாது, மலிவா வாறதுக்கு அதுவும் ஒரு காரணம். லென்ஸுக்குள்ள ரோச் அடிச்சுப் பாருங்கோ, மாரி ஈரத்துக்கு எங்கட பக்கம் பங்கஸ் (பூஞ்சணம்) கெதியாப் பிடிக்கும், சிலந்தி வலை மாதிரித் தெரிஞ்சா வாங்காதேங்கோ.

இருக்கிற காசு முழுக்கக் கமராப் பொடிக்கே போடவும் வேண்டாம். கூட வாற கிட் லென்ஸ் சூம் பண்ணப் பண்ண அப்பச்சர் (வெளிச்சம் உள்ள போற ஓட்டை) சுருங்கும், வீடியோ ஓடேக்க படம் இருளுறது வடிவாத் தெரியும். பொடியில ஒரு மொடல் கீழ இறங்கி, மிஞ்சிற காசில சூம் முழுக்க அப்பச்சர் எஃப் 2.8லயே நிக்கிற லென்ஸ் ஒண்டு எடுங்கோ. சோனி புல்பிரேம் (பெரிய சென்சர் உள்ள கமரா) எண்டா ராம்றன் 28-75 இருக்கு, மண்டபமும் கோயிலும் ரெண்டும் அதிலயே எடுக்கலாம்.